ஒரே பெஞ்சுல ரெண்டு கட்சி

நம்ம ஊர்ல நிறைய சலூன்லயும் டீக்கடையிலயும் ஒரு போர்டு தொங்கும், இங்கு அரசியல் பேசக் கூடாதுன்னு. கடைக்காரர் ஏன் மாட்டுறார்னு புரியுது. தேர்தல் நேரத்துல ஒருத்தர் தாடையில கத்தி வச்சு மழிச்சிட்டு இருக்கும்போது பக்கத்து சேர்ல இருக்கறவர் எகிறிக் குதிச்சா அவர் பொழப்பு என்னாகும், அதனால அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப அந்த போர்டு கடையில இருந்து இறங்கி வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. குடும்ப வாட்ஸப் க்ரூப்ல அட்மின் போடற முதல் ரூலே அதுதான். கல்யாண வீட்ல பந்தியில யாராவது வாயைத் தெறந்தா உடனே ஒரு அக்கா கையைப் புடிச்சு "இப்ப வேணாம்ப்பா"ங்கறாங்க. ஆறாங்கிளாஸ்ல இருந்து கூடப் படிச்சவன்கிட்ட போன் பேசினாக்கூட கிரிக்கெட், பசங்க படிப்பு, சுகர் மாத்திரை, அவ்வளவோட வச்சிடறோம். சண்டை வரல, உண்மைதான். ஆனா அந்தாளு இப்ப என்ன நினைக்கறான், எதுக்கு பயப்படறான், எதுல கோவப்படறான்னு நமக்குத் தெரியாமலே போயிடுது, வருஷக் கணக்கா பழகினவன் ஒரு நாள் திடீர்னு யாரோ மாதிரி தெரியறான். எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கு, அதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நம்பறதை முதல்லயே சொல்லிடறேன். மாத்துக் கருத்து உள்ளவங்களோட சேந்து இருக்கறதுக்கு நம்ம கருத்தை மென்னு முழுங்க வேண்டியதில்ல. முழுசா சொல்லலாம், காரமாவே சொல்லலாம். அதை எங்க வச்சு சொல்றோம், அப்ப யார் யார் வேடிக்கை பாத்துட்டு நிக்கறாங்க, அதுலதான் உறவு பொழைக்கறதும் முறியறதும் இருக்கு.

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க என் பெரியப்பாவும் என் மாமாவும். பெரியப்பா கருப்புச் சட்டைக்காரர். ஐயர் இல்லாம, தாலி இல்லாம, மாலை மாத்தி சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர். மாமா ஐயப்ப பக்தர், கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டு, குருசாமியா இருந்து ஒரு கூட்டத்தையே வருஷா வருஷம் மலைக்குக் கூட்டிட்டுப் போறவர். அந்த மாசத்துல ரெண்டு பேரும் கருப்பு உடுத்தி ஒரே டிவிஎஸ் 50ல உட்கார்ந்து போவாங்க, ஊருக்குப் புதுசா வந்தவங்க ரெண்டு பேருமே மாலை போட்டிருக்காங்கன்னு நினைச்சு பெரியப்பாவையும் "சாமி"ன்னு கூப்பிடுவாங்க, அவரும் மறுக்க மாட்டார், வழி கேட்டா வழி சொல்லுவார். சாமி உண்டா இல்லையா, இட ஒதுக்கீடு, இந்தி, கோயில் நிர்வாகம் அரசாங்கத்துகிட்ட இருக்கணுமா கூடாதா, எதை எடுத்தாலும் ஒருத்தர் கிழக்கு ஒருத்தர் மேற்கு. ஒர்க்‌ஷாப்ல யூனியன் கூட வேற வேற.

சின்ன வயசுல அவங்க கூட ஆர்மரி கேட் பக்கத்து டீக்கடைக்குப் போயிருக்கேன். அந்தக் கடையில போர்டு எதுவும் கிடையாது. ஒரே ஒரு தந்தி பேப்பர்தான் வரும், அதை ஷீட் ஷீட்டா பிரிச்சு பெஞ்சுல இருக்கற அத்தனை பேரும் படிப்பாங்க. முதல் பக்கம் மாமா கையில, கடைசிப் பக்கம் பெரியப்பா கையில, நடுப்பக்கம் யூனியன் தலைவர் ஒருத்தர் கையில. ஒருத்தர் சத்தமா ஒரு வரி படிப்பார், இன்னொருத்தர் "படிச்சதை விடுய்யா, நடந்தது என்னன்னு நான் சொல்றேன்"னு ஆரம்பிப்பார், அவ்வளவுதான், சூடு ஏறிடும். நான் கேட்டிருக்கேன், ரொம்ப காரமான வார்த்தையெல்லாம் வரும், "உனக்கெல்லாம் என்னய்யா தெரியும்"ங்கறது சாதாரணம். ஆனா பேச்சு ஒரு கட்டத்துல எப்பவுமே சொந்த வாழ்க்கைக்கு வந்து நின்னுடும். "சரி, இட ஒதுக்கீடு வேணாம்ங்கற, உன் மூத்தவனுக்கு பாலிடெக்னிக் சீட்டு எதுல கிடைச்சுது?" "சாமி இல்லைங்கற, உன் வீட்டம்மா சமயபுரத்துக்கு நடந்து போறாங்களே, அவங்களை நீ தடுத்தியா?" இப்படிக் கேட்டா மேடைப் பேச்சு பேச முடியாது, யோசிச்சுதான் பதில் சொல்லணும், சில சமயம் பதிலே இருக்காது, சும்மா சிரிச்சிட்டு டீயைக் குடிக்கணும். அப்புறம் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். எவ்வளவு பெரிய வாதமா இருந்தாலும் அந்த இடத்துல நின்னுடும், மிச்சம் நாளைக்கு. நாளைக்கும் அதே பெஞ்சுதான், வேற கடை தேடிப் போக முடியாது, கடன் கணக்கும் அங்கதான் இருக்கு.

அந்தக் கடையில உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் ரொம்ப பெருந்தன்மையானவங்கன்னு நான் சொல்ல வரல. கோவக்காரங்க நிறைய பேர் இருந்தாங்க. ஆனா அந்த இடத்தோட அமைப்பு அப்படி. எதிர்ல இருக்கறவன் முகம் சுருங்கறது கண்ணுக்குத் தெரியும், தெரிஞ்சா குரல் தானா இறங்கும். கேக்கறவங்க ஏழெட்டு பேரு, அத்தனை பேரும் ரெண்டு பேரையும் வருஷக் கணக்கா அறிஞ்சவங்க, அதனால யாரையும் அசத்தணும்னு அவசியம் இல்ல.

இப்ப அதே பெரியப்பா, அதே மாமா, சொந்தக்காரங்க க்ரூப்ல. அதுல பாதிப் பேர் கல்யாணத்துல ஒரு தடவை பாத்தவங்க, சில பேர் யாரோட மருமகன்னு கூட சட்டுனு சொல்ல முடியாது. கோயில் நிலம் பத்தி ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு, மாமா போட்டார். பெரியப்பா ஒண்ணும் சொல்லல. வெளிநாட்டுல இருக்கற ஒரு அண்ணன் பதில் போட்டார், அதுக்கு இன்னொருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டார், அந்த பொம்மைக்கு மாமாவோட பையன் கோவப்பட்டு ஒரு ஆடியோ அனுப்பினான், அதை யாரோ இன்னொரு க்ரூப்புக்கு அனுப்பி, ராத்திரி பத்து மணிக்குள்ள மாமா க்ரூப்பை விட்டே வெளிய போயிட்டார். மறுநாள் காலையில பெரியப்பா அவர் வீட்டுக்குப் போயி "என்னய்யா, டீ குடிக்க வரலியா"ன்னு கேட்டார். மாமா வந்தார். அன்னைக்கு டீக்கடையில கோயில் நிலத்தைப் பத்தி ரெண்டு பேரும் போட்ட சண்டை க்ரூப்ல நடந்ததை விட பெரிய சண்டை, எனக்கு பெரியப்பா சொன்னதுதான் இது, ஆனா முடிஞ்சதும் ரெண்டு பேரும் சந்தைக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்திருக்காங்க. க்ரூப்ல சண்டை போட்ட சின்னவங்க மட்டும் இன்னும் பேசிக்கறதில்ல.

இதுக்கு ஆளுங்க குணத்தை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. ஸ்க்ரீன்ல ஒருத்தருக்கு பதில் எழுதறப்ப உண்மையில அவருக்கா எழுதறோம்? வேடிக்கை பாக்கறவங்களுக்குத்தான எழுதறோம். அவர் மனசு மாறணும்ங்கறது போயி, அவர் தோத்துட்டார்னு மத்தவங்க பாக்கணும்ங்கறது வந்துடுது. அத்தனை பேர் பாக்க "ஆமாங்க, நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு"ன்னு யாராலயும் சொல்ல முடியாது, அப்படிச் சொன்னா மானம் போச்சுன்னு ஆயிடும். அதுக்கு மேல மெஷினும் சேந்துக்குது. ஃபேஸ்புக்ல 2017ல இருந்து, ஒரு போஸ்ட்டை எத்தனை பேருக்குக் காட்டணும்னு கணக்குப் போடறப்ப, கோவ மூஞ்சி, ஹார்ட்டு மாதிரி ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு லைக்கை விட 5 மடங்கு மதிப்பு குடுத்திருந்தாங்க, 2021ல கம்பெனிக்குள்ள இருந்து வெளிய வந்த ஆவணங்கள்ல இருந்து தெரிஞ்ச விஷயம் இது. யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் பதமா எழுதினதுக்கு நாலு லைக் வருது, இன்னொருத்தர் சுருக்குனு எழுதினதுக்கு நாலு கோவ மூஞ்சி வருது, ரெண்டாவதுதான் ஊர் பூரா போகும். பின்னாடி அந்த மதிப்பைக் குறைச்சாங்க, கோவ மூஞ்சிக்கு சுத்தமா எடுத்துட்டாங்க. ஆனா அந்த மூணு வருஷத்துல எத்தனை அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியிருப்பாங்கன்னு யார் கணக்கு எடுக்கறது. வாட்ஸப்ல 2018ல நம்ம நாட்டுல ஃபார்வர்டை ஒரு நேரத்துல 5 சாட்டுக்குன்னு சுருக்கினாங்க, அது நல்லதுதான், வதந்திக்கு உதவுச்சு, ஆனா ஒரு க்ரூப்ல போட்டாலே நூத்துக்கணக்குல ஆளு பாக்கறாங்களே, அதுக்கு அது மருந்தில்ல.

இந்த இடத்துல எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது பெரியாரும் ராஜாஜியும்தான். எல்லாரும் சொல்ற உதாரணம்தான், தெரியும். ஆனா வழக்கமா "எதிரெதிர் கருத்து, ஆனா நல்ல நண்பர்கள்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க, அதுல இருக்கற கனம் தெரியறதில்ல. கொஞ்சம் விவரமா பாக்கலாம்.

ரெண்டு பேரும் பழக ஆரம்பிச்சது 1910கள் கடைசியில, பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர், ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். காங்கிரசுக்குள்ள ஒண்ணா வேலை செஞ்சாங்க. 1925 நவம்பர்ல காஞ்சிபுரம் மாநாட்டுல வகுப்புவாரி உரிமை தீர்மானத்தை எடுத்துக்க முடியாதுன்னு சொன்னதும் பெரியார் எழுந்து வெளிய வந்துட்டார், அதுக்கு அப்புறம் காங்கிரஸ்ல திரும்பிச் சேரவே இல்ல. ராஜாஜி காங்கிரஸ்லயே இருந்தார். 1937ல ராஜாஜி சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சர், பள்ளிக்கூடத்துல கட்டாய இந்தி கொண்டு வந்தார், பெரியார் தெருவுல இறங்கினார், ராஜாஜியோட அரசாங்கம்தான் பெரியாரைப் புடிச்சு ஜெயில்ல போட்டுது. 60 வயசை நெருங்கின ஆளை, பழைய நண்பரை. அதோட முடியல, 1952ல ராஜாஜி மறுபடி முதலமைச்சர், 1953ல ஆரம்பப் பள்ளிக்கூடத்துல அரை நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில்னு திட்டம் கொண்டு வந்தார், பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம்னு சொல்லி ஊர் ஊரா எதிர்த்தார், 1954ல ராஜாஜி பதவியை விட்டுப் போனார், காமராஜர் வந்ததும் திட்டத்தை எடுத்துட்டாங்க. இதெல்லாம் லேசான கருத்து வேறுபாடு இல்லைங்க. ஒருத்தர் ஜெயிலுக்குப் போயிருக்கார், ஒருத்தர் நாற்காலியை இழந்திருக்கார்.

இதுக்கு நடுவுல 1949. பெரியாருக்கு 70 நெருங்குது, தனக்கு அப்புறம் இயக்கத்தோட சொத்து, பொறுப்பு எல்லாம் என்னாகும்னு கவலை, மணியம்மையைக் கல்யாணம் பண்ணிக்கறதைப் பத்தி யோசிக்கறார். அந்த வருஷம் மே மாசம் திருவண்ணாமலைக்கு கோயில் காரியமா ராஜாஜி வர்றார், அப்ப அவர் இந்தியாவோட கவர்னர் ஜெனரல். பெரியார் அங்க போயி அவரைத் தனியா பாத்துப் பேசினார். தன்னோட கட்சியில தளபதிங்க எத்தனை பேர் இருக்காங்க, அவங்களை எல்லாம் விட்டுட்டு, தன்னை ஜெயில்ல வச்ச ஆளுகிட்ட சொந்த விஷயத்துக்கு யோசனை கேக்கறார். என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேரும் வெளிய சொல்லல. ஜூலையில கல்யாணம் நடந்துச்சு, கட்சி ரெண்டாச்சு, செப்டம்பர் 17ல திமுக பொறந்துச்சு. ராஜாஜி பேச்சைக் கேட்டுதான் இதைப் பண்ணிட்டார்னு ஊரெல்லாம் பேச்சு. ஆனா ராஜாஜி எழுதின கடிதத்துல இந்தக் கல்யாணம் வேண்டாம்ங்கற மாதிரிதான் யோசனை சொல்லியிருந்தார். அதை எடுத்துக் காட்டியிருந்தா ராஜாஜி மேல இருந்த பழி போயிருக்கும், ராஜாஜியே வெளிய சொல்லியிருக்கலாம். அந்தரங்கமா எழுதினது, அதனால ரெண்டு பேரும் சொல்லல, பெரியார் உயிரோட இருந்தவரை அந்தக் கடிதம் வெளிய வரவே இல்ல.

நான் இந்த இடத்துலதான் நிக்கறேன். மேடையில ஏறினா ஆச்சாரியாரை, அதான் ராஜாஜியை, பெரியார் விட்டு வைக்க மாட்டார், பத்திரிகையில எழுதினாலும் அப்படித்தான், அது கொள்கை, அதை ஊரறிய செஞ்சார். ஆனா ஊர் கண்ணு படாத ஒரு இடம் அவங்களுக்கு இருந்துச்சு, அந்த இடத்துல சொன்னதை வெளிய எடுத்துட்டு வந்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசல, சாகற வரைக்கும் வீசல. இன்னைக்கு பர்சனலா ஒருத்தர் அனுப்பின மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடறது ரெண்டு செகண்ட் வேலை. எனக்குத் தெரிஞ்சு நட்பு முறியற இடம் முக்கால்வாசி அங்கதான்.

1972 டிசம்பர் 25ல ராஜாஜி இறந்தார். 93 வயசுல, நடக்க முடியாம, சக்கர நாற்காலியில வந்து பெரியார் அழுதார். அடுத்த வருஷம் டிசம்பர் 24ல அவரும் போயிட்டார்.

"அவங்கெல்லாம் பெரிய மனுஷங்க, நம்மால ஆகுமா"ன்னு இதைச் சொன்னா எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு அந்தக் கேள்வி புடிக்கறதில்ல. பெரியாருக்குக் கோவம் கம்மின்னு யாராவது சொல்ல முடியுமா? அண்ணாவையும் அவர் கூடப் போனவங்களையும் "கண்ணீர்த்துளிகள்"னு எத்தனை வருஷம் பேசினார், 1967 தேர்தல்ல அவங்களுக்கு எதிரா காமராஜருக்காக ஓட்டு கேட்டார். அண்ணா ஜெயிச்சதும் பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடி திருச்சிக்கு வந்து பெரியாரைப் பாத்தார். கட்சியில தலைவர் நாற்காலியைப் பெரியாருக்குன்னு காலியாவே வச்சிருந்தவர் அவர், பொதுச்செயலாளராத்தான் கட்சியை நடத்தினார். 18 வருஷ வசவுக்கு அப்புறமும் போயி நிக்கறதுக்கு ஒரு வழி மிச்சம் இருந்துச்சு, ஏன்னா அந்த வழியை அண்ணா அடைக்கல. பெரியவங்களா இருந்ததால வழி இருந்துச்சா, இல்ல வழியை விட்டு வச்சதால நமக்குப் பெரியவங்களா தெரியறாங்களா, நான் ரெண்டாவதுதான்னு நினைக்கறேன். பொன்மலையில ரிட்டயர்டு ஃபிட்டர் ஒருத்தர் மச்சான் வீட்டு வாசல்ல போயி நின்னு டீ குடிக்கக் கூப்பிட்டதும் எனக்கு அதே வரிசையில உள்ள விஷயம்தான்.

இன்னொரு வழியும் இருக்கு, ரெண்டு பேருக்கும் பொதுவா புடிச்ச ஒண்ணு. காரைக்குடி கம்பன் கழகத்தைப் பாருங்க. 1939ல சா.கணேசன் ஆரம்பிச்சது, காங்கிரஸ் தியாகி, அப்புறம் சுதந்திராக் கட்சிக்குப் போயி 1962ல காரைக்குடி எம்எல்ஏ ஆனவர். கம்யூனிஸ்ட்டுங்களுக்கு நேர் எதிர்க் கட்சி அது, தனியார் சொத்து, தனியார் தொழில்னு பேசற கட்சி. அவர் நடத்துன மேடையில கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா வந்து கம்பனைப் பத்திப் பேசுவார், கூட்டம் அசையாம கேக்கும். சென்னையில கம்பன் கழகத்தை வளத்தவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில், நாகூர்க்காரர், முஸ்லிம், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியா இருந்தவர், ராமாயணத்துல அவ்வளவு தோய்ஞ்சவர். கம்பராமாயணத்தை எரிக்கணும்னு சொன்னவங்களும் ஓடி ஒளியல, 1943ல சென்னை சட்டக் கல்லூரியில தமிழறிஞர் ரா.பி.சேதுப்பிள்ளைக்கு எதிர்ல நின்னு அண்ணா நேருக்கு நேர் வாதம் பண்ணினார், ஆள் இல்லாத இடத்துல திட்டிட்டுப் போகல. இந்தக் கம்பன் மேடைங்கள்ல வளந்ததுதான் இன்னைக்கு நாம டிவியில பொங்கலுக்குப் பாக்கற பட்டிமன்றம், நடுவரா உட்கார்ந்து அதை ஊர் ஊரா கொண்டு போனதுல குன்றக்குடி அடிகளாருக்குப் பெரிய பங்கு. அந்த அடிகளார் சைவ மடத்துத் தலைவர், கடவுள் இல்லைன்னு சொன்ன பெரியாரோட மேடையில ஒண்ணா இருந்தவர், அதையும் சேத்துக்குங்க.

பட்டிமன்றத்தை ஒரு பொழுதுபோக்குன்னு ஒதுக்கறவங்க இருக்காங்க, எனக்கு அது மேல மரியாதை அதிகம். உங்களுக்குன்னு ஒரு நேரம், எதிரணி பேசறப்ப நீங்க வாயைத் தெறக்கக் கூடாது, எதுவா இருந்தாலும் நடுவரைப் பாத்துதான் சொல்லணும், எதிராளி சொன்னதை முதல்ல சரியா எடுத்துச் சொல்லிட்டுதான் மறுக்கணும், இல்லன்னா கூட்டமே கத்தும். மணிமேகலையில முதல் காதையிலயே இது வருது. புகார்ல இந்திர விழா அறிவிக்கறான் முரசறையறவன், தெருவுல மணல் பரப்புங்க, தோரணம் கட்டுங்கன்னு சொல்லிட்டே வர்றவன், சமயவாதிங்க எல்லாம் பட்டிமண்டபத்துல முறை அறிஞ்சு ஏறுங்கன்னு கூப்பிடறான், அடுத்த வரியிலயே "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்"ங்கறான். புடிக்காதவங்களாவே இருந்தாலும் அவங்களோட பகையும் கலகமும் பண்ணாம விலகிப் போங்க. எல்லாரையும் நேசின்னு அவன் சொல்லல பாருங்க, அவ்வளவு பெரிசா ஒண்ணும் எதிர்பாக்கல. பௌத்தம், சமணம், ஆசீவகம், வைதிகம்னு ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் அடியோட மறுக்கற ஆளுங்க ஒரே ஊர்ல திருவிழா கொண்டாடணும், வாதத்துக்கு ஒரு மண்டபம், தெருவுல சண்டை கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு.

எல்லாத்தையும் கருத்துன்னு எடுத்துக்கணுமான்னு ஒரு கேள்வி இருக்கு, அதையும் மழுப்பாம சொல்லணும். உன் கூட ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன், உன் தெரு ஆளு என் தெருவுல செருப்பு போட்டு நடக்கக் கூடாதுன்னு ஒருத்தன் நினைச்சா அது கருத்து வேறுபாடு இல்ல, அதுல பாதி நீ விட்டுக்குடு பாதி அவன் விட்டுக்குடுப்பான்னு பேச்சே கிடையாது. 1920கள்ல சேரன்மாதேவி குருகுலத்துல வ.வே.சு.ஐயர் நடத்தின விடுதியில பிராமணப் பசங்களுக்குத் தனிப் பந்தி போட்டாங்க. காங்கிரஸ் பணமும் அதுல போயிருந்துச்சு. அப்ப காங்கிரஸ்ல இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை ஒத்துக்கவே இல்ல, ஒத்துக்காததுதான் சரி. அங்க "சரி விடுங்க, எதுக்கு சண்டை"ன்னு யாராவது சொல்லியிருந்தா அது சமாதானம் இல்ல, அந்தப் பந்தியில சேத்துக்காத மத்த பசங்களுக்கு செஞ்ச துரோகம். ஒத்துப் போகணும்ங்கற புத்திமதி எப்பவும் அடிபட்டவன்கிட்டயே சொல்லப்படுது, அடிச்சவன்கிட்ட யாரும் சொல்றதில்ல, இதை நினைச்சா எனக்குக் கோவம் வரும். ஆனா அதே பெரியார் அந்தக் கட்சியை விட்டுத்தான் போனார், அந்தக் கட்சியில இருந்த ராஜாஜியோட நட்பை விடல. பந்தியை விட்டு எழுந்திரிக்கறதும் ஆளை விட்டு எழுந்திரிக்கறதும் ஒண்ணு இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சில பேரை விட்டும் எழுந்திரிக்கத்தான் வேணும், அது யாருன்னு கூட இருந்து பாத்தாத்தான் தெரியும், ஒரு ஸ்டேட்டஸைப் பாத்து முடிவு பண்ண முடியாது.

நான் இப்ப கடைப்பிடிக்கறது இதுதான். க்ரூப்ல யார் என்ன போட்டாலும் அங்கயே பதில் போடறதில்ல. சும்மாவும் விடறதில்ல. தப்புன்னு பட்டா அவருக்கு மட்டும் போன் பண்ணுவேன், மெசேஜ் இல்ல, போன்தான், குரல் கேக்கணும். "சித்தப்பா, நீங்க போட்டதைப் பாத்தேன், எனக்கு அது சரியாப் படல, நீங்க எதை வச்சு சொல்றீங்க"ன்னு கேப்பேன். பாதி நேரம் அவர் அதை முழுசாப் படிக்காமயே அனுப்பியிருப்பார், அப்படின்னா அவரே "அப்படியா, இரு பாக்கறேன்"ங்கறார். மீதி நேரம் அவர் மனசுல நிஜமாவே ஒரு கவலை இருக்கும், பையனுக்கு வேலை கிடைக்கல, நிலத்துல பிரச்சனை, அது எங்கயோ சுத்தி வந்து அந்த ஃபார்வர்டா வெளிய வந்திருக்கும். கவலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் போகும், கருத்து மாறினாலும் மாறாட்டியும் அடுத்த வாரம் அவரே கூப்பிடுவார். அவர் என்கிட்ட சொன்னது எதையும் மத்த இடத்துல எடுத்துப் பேசறதில்ல, அதுல நான் ரொம்ப கறாரா இருக்கேன். கல்யாணம், காரியம், காதுகுத்துன்னு எது வந்தாலும் கருத்தைப் பாத்துப் போகாம இருக்கறதில்ல, அங்க பந்தி பரிமாறறப்ப யார் எந்தக் கட்சின்னு இலைக்குத் தெரியாது, அவங்க வீட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி அவசரம்னா முதல்ல ஓடற ஆளா இருக்கணும்னு பாக்கறேன். அப்படி இருந்துட்டா எவ்வளவு காரமா மறுத்தாலும் "இவன் நம்மாளு"ங்கறது போகறதில்ல.

போன மாசம் தம்பி பையன் வந்தான், இன்ஜினியரிங் படிக்கறான். கூடப் படிக்கற ஒருத்தன் சாதிப் பெருமை ஸ்டேட்டஸா போட்டுத் தள்ளறான், அவனை ப்ளாக் பண்ணட்டுமா பெரியப்பான்னு கேட்டான். அவன் உன்கிட்ட நேர்ல எப்படி நடந்துக்கறான்னு கேட்டேன். டிபன் பாக்ஸ் ஷேர் பண்ணித்தான் சாப்பிடறோம், உடம்பு சரியில்லாம போனப்ப அவன்தான் ஹாஸ்டல்ல கூட இருந்தான்னான். அப்ப ப்ளாக் பண்ணாத, யாரும் இல்லாத நேரமா பாத்து அவன் ரூமுக்குப் போயி நேரா கேளு, நீ போடறது உன் கூட சாப்பிடற என்னையும் சேத்துத்தான் குத்துது, உனக்கு அது தெரியுதான்னு கேளுன்னேன், அதுக்கு அப்புறமும் அவன் அப்படித்தான்னா எழுந்து வந்துடு, நானே வேணாம்னு சொல்ல மாட்டேன். போயிருக்கான். அந்தப் பையன் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, எங்க ஊர்ல இதைப் போடலைன்னா என்னை ஒரு மாதிரி பாப்பாங்கடான்னு சொல்லியிருக்கான். பழைய ஸ்டேட்டஸ் சிலதை எடுத்துட்டான், சிலதை எடுக்கல. இவனுக்கு அது போதல, இன்னும் கோவமாத்தான் இருக்கான், அதுல தப்பு இல்லைன்னுதான் நானும் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே லேப் பேட்ச், அடுத்த வாரமும் பக்கத்துல பக்கத்துல நின்னுதான் வேலை செய்யணும், அடுத்த தடவை எப்படிப் பேசறதுன்னு யோசிச்சிட்டு இருக்கான்.